கை கழுவுதல்

2022-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டின் திருத்தூதராகிய புனித தோமாவின் பெருவிழா. ஆண்டவரின் காயங்களில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று நின்ற அந்த மனிதரைப் பற்றிக் காலையில் நான் மறையுரை ஆற்றினேன். அதே நாளில்தான் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 700 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைகளை நாடியிருந்தனர். சிலருடைய மாதிரிகளில் காலரா கிருமி இருப்பது உறுதியாயிற்று. பழைய குடிநீர்க் குழாய்களில் கழிவு கலந்துவிட்டது என்பதே அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாள்கள் மூடப்பட்டன. காலரா என்பது நம் பாட்டிமார் காலத்துச் சொல் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அது மறுபடியும் எங்கள் தெருவின் சொல் ஆயிற்று.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பங்கைச் சேர்ந்த மூத்த அம்மையார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். காரைக்கால் வட்டாரத்துத் துணை சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரார் இன்றும் அவரை 'நர்சம்மா' என்றே அழைக்கின்றனர். நானும் அப்படியே அழைத்துவிடுகிறேன்.

"சாமி, கோவில் தண்ணித் தொட்டியைக் கடைசியா எப்போ கழுவினாங்க?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஏணி கொண்டுவரச் செய்து மூடியைத் திறந்தோம். பக்கச் சுவரில் பாசி. அடியில் ஒரு விரற்கடை வண்டல். அந்தத் தண்ணீரைத்தான் மறைக்கல்விப் பிள்ளைகள் குடித்துவந்தனர். நர்சம்மா எதுவும் சொல்லவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டியின் கொள்ளளவைக் கேட்டு, எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர், கரைத்து ஊற்றியபின் எவ்வளவு நேரம் குழாயைத் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் மனக்கணக்காகச் சொன்னார். பிறகு கோவில் வாயிலில் இருந்த தீர்த்தத் தொட்டியையும் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதையும் காலி செய்தோம்.

அன்று தொடங்கிய உரையாடல் அந்த மழைக்காலம் முழுவதும் விட்டுவிட்டு நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்கள் தொற்றுத் தடுப்பைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அவ்வப்போது வினாத்தாள் கொடுத்து அளக்கிறார்கள். அந்த அறிவு எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் பிடித்து வந்தது, அதைக் கையில் வைத்திருப்பவர் படும் பாடு என்ன என்பதை நான் நர்சம்மாவிடமிருந்தும், அவர் தூண்டிய வாசிப்பிலிருந்தும் தெரிந்துகொண்டேன்.

தமிழில் 'கை கழுவுதல்' என்ற தொடருக்கு நல்ல பெயர் இல்லை. ஒருவரைக் கைவிட்டதைத்தான் 'கை கழுவிவிட்டார்கள்' என்கிறோம். நமக்கோ உடனே பிலாத்துவின் நினைவும் வந்துவிடும். பயிற்சியின் முதல் வாரத்தில் நர்சம்மாவின் ஆசிரியை சொல்லித் தந்ததோ வேறொரு கை கழுவுதலின் கதை. "வியன்னா டாக்டர் கதை" என்று அதை அவர் குறிப்பிட்டார்.

வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் 1840 முதல் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் தனித்தனியே இயங்கின. முதல் பிரிவு மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்கு. இரண்டாம் பிரிவு மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களுக்கு. 1846-இல் முதல் பிரிவில் 4,010 பேர் பிள்ளை பெற்று 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர் இறந்தனர். ஒரே கட்டடம், ஒரே உணவு, ஒரே காற்று. நகரத்து ஏழைப் பெண்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது; முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று அவர்கள் மன்றாடினார்களாம்.

அந்த ஆண்டு முதல் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்த ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செம்மல்வெய்ஸ் காரணத்தைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவற்றுள் ஒன்று நம்மைப் போன்ற குருக்களைப் பற்றியது. சாகும் நிலையில் இருப்போருக்கு அவஸ்தைப்பூசுதல் வழங்க வரும் குரு, முதல் பிரிவில் ஐந்து வார்டுகளைக் கடந்துதான் நோயாளிகளின் அறைக்குச் செல்ல முடியும். முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போவார். இரண்டாம் பிரிவில் அந்த அறைக்கு நேர்வழி உண்டு. மணியோசையைக் கேட்டுப் பெண்கள் நடுங்கி, அந்த அச்சத்தினால் காய்ச்சல் காண்கிறார்களோ என்று ஒரு கருத்து இருந்தது. செம்மல்வெய்ஸ் அந்தக் குருவிடம் பேசி, மணி இல்லாமல் சுற்றுவழியாக வரச் செய்தார். சாவு குறையவில்லை. மணியின் மீது இருந்த பழி நீங்கிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சிறிது நிம்மதி ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. அந்த நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1847 மார்ச்சில் செம்மல்வெய்சின் நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, சில நாள்களில் இறந்தார். அவருடைய உடலைப் பரிசோதித்த குறிப்புகளில், இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் இருந்தன. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு நேரே பேறுகால வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலை இல்லை. இரண்டாம் பிரிவின் பெண்கள் அதிகம் அறிந்தவர்கள் என்பதல்ல, அவர்களுடைய கைகள் அங்கே போகவில்லை என்பதே காரணம். மே மாதம் நடுவில், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு ஜூனில் 2.2 ஆயிற்று; ஜூலையில் 1.2.

வியன்னா டாக்டர் கதையில் வகுப்பறைகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த பெண் ஒருவர் வார்டின் முதல் கட்டிலில் இருந்தார். வரிசையாகப் பரிசோதித்து வந்தவர்கள் வார்டுக்குள் நுழையும்போது முறையாகக் கழுவினார்கள். அவரைத் தொட்டபின், அடுத்தவரைத் தொடுமுன், சோப்பு நீரில் மட்டும் கழுவினார்கள். அந்த வரிசையில் பிள்ளை பெற்ற 12 பேரில் 11 பேர் இறந்தனர். கெடுதி பிணத்திடமிருந்து மட்டுமன்றி, உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் கைவழியே போகும் என்பதை அவர் அப்போது கண்டார். அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் குளோரின் நீரில் கழுவ வேண்டும் என்பது விதியாயிற்று.

மருத்துவ உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று இல்லை என்பது ஒரு காரணம். அவருடைய கடுமையான பேச்சும் எழுத்தும் இன்னொரு காரணம். மூன்றாவதை நான் பெரிதாக நினைக்கிறேன்: குணப்படுத்தும் கையே கொல்லும் கையாக இருந்தது என்று ஒப்புக்கொள்வது கற்றறிந்தவர்களுக்கு முடியாமல் போயிற்று. 1865 ஆகஸ்டு 13-ஆம் நாள், வியன்னாவை அடுத்த மனநோய் விடுதியில், புண்ணிலிருந்து பரவிய நச்சினால் அவரே இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் முதன்முறையாகக் கார்பாலிக் அமிலக் கட்டுப் போட்டு வெற்றி கண்டார்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரான புதுச்சேரியில் 1823-இல் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. 1827-இல் அன்னை ஆன்-மரி ஜவுகே நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பேணுவது அச்சபையினரின் பணிகளுள் ஒன்று. கிரிமியப் போருக்கு 1854-இல் புறப்பட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோடும் இரக்கத்தின் கன்னியர் சென்றதை நாம் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. நோயாளிக்குப் பக்கத்தில் துறவியர் நின்றதில் குறையே இல்லை.

பேறுகாலப் படுக்கையின் பக்கத்தில் மட்டும் அவர்கள் நிற்க முடியவில்லை. திருச்சபையின் சட்டம் அதைத் தடுத்தது. பிள்ளைப்பேறு பார்ப்பது கன்னிமை வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டது. ஆண் மருத்துவர் முன் வரமாட்டாத பெண்கள் நிறைந்த நாட்டில் இதன் விளைவு என்ன என்பதை ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான ஆக்னஸ் மெக்லாரன் கண்டார். அறுபது வயதைக் கடந்து கத்தோலிக்க மறையைத் தழுவிய அந்த அம்மையார், ராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனைக்கு வழிசெய்தார். தடையை நீக்கக் கோரித் தள்ளாத வயதில் பலமுறை உரோமைக்குச் சென்றார். 1913-இல் அவர் இறந்தபோது தடை அப்படியே இருந்தது. அவர் காட்டிய வழியில் மருத்துவம் கற்று ராவல்பிண்டிக்கு வந்த ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், 1925 செப்டம்பர் 30-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் மருத்துவப் பணிச் சபையைத் தொடங்கினார். முதலில் நால்வர், இருவர் மருத்துவர், இருவர் செவிலியர். சட்டம் இடம் தராததால் பொது வார்த்தைப்பாடு இல்லாமலே வாழ்ந்தனர். 1936 பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, மறைபரப்புப் பேராயம் தன் அறிவுறுத்தல் வழியாகத் துறவியர் பேறுகால மருத்துவமும் செவிலியமும் கற்றுப் பணியாற்ற இசைவு அளித்தது. வியன்னாவில் கைகழுவும் தொட்டி வைத்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் தாமதத்துக்கு நற்காரணங்கள் காட்டலாம். இறந்த தாய்மாருக்கு அவை பயன்படா.

அந்த இடைவெளியில் நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகளே. அவர்களை இகழ்வது எளிது. இரவில் அழைத்தால் இரவிலேயே வந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது: மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்காக உறங்கும் ரணஜன்னிக் கிருமி. கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை வெட்டி, கிடைத்த நூலால் கட்டி, புண் ஆற வேண்டுமென்று சாம்பலோ சாணமோ வைத்தால், ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாயைத் திறக்க முடியாமல் விறைத்துப்போகும். பிழைப்பது அரிது. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி என்பதோடு, தூய கை, தூய இடம், தூய பிளேடு, தூய நூல், எதுவும் தடவாத தூய தொப்புள் என்ற ஐந்து தூய்மைகளைத் துணைச் செவிலியர்கள் வீடு வீடாகச் சொல்லிவந்தனர். மருத்துவச்சிகளுக்கு நர்சம்மாவே பயிற்சி கொடுத்திருக்கிறார். முதல் கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து, "உங்க அம்மாவுக்கே பேறு பாத்தவ நான். நீ எனக்குக் கை கழுவச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டாராம். கூட்டம் சிரித்தது. அடுத்து அந்தக் கிழவி, "சரி, சோப்பு யாரு வாங்கித் தர்றது?" என்று கேட்டபோது நர்சம்மாவால் சிரிக்க முடியவில்லை. தம் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார். தாய் சேய் ரணஜன்னி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தபோது, பழைய நினைவில் ஒரு பெட்டி சோப்பு வாங்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகச் சொன்னார்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பின் வரலாற்றையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக அளித்த அறிக்கை, முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஒரு நிலையம் என்று பரிந்துரைத்தது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு முதல் நிலையங்கள் தோன்றின. காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள்தான் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற அளவுகோல் பின்னர் நிலைபெற்றது. அந்த 5,000 பேருக்கும் முதலில் கிடைக்கும் கை, துணைச் செவிலியருடையது.

நான் 1970-களில் பிறந்தவன். கண்ணாடி ஊசிக்குழலும், மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கொதிக்கும் பாத்திரமும், இடுக்கியால் ஊசியை எடுக்கும் நர்சம்மாமாரும் என் பிள்ளைப் பருவத்தின் அச்சங்கள். பெரியம்மை ஒழிந்த பிறகு, 1978-இலும் 1985-இலும் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டங்கள் அந்த அடுப்பை நம்பித்தான் ஊர் ஊராகச் சென்றன. ஒரு குழந்தைக்கு ஓர் ஊசி, ஒரு குழல் என்பதே விதி. பயன்படுத்தியதை மறுபடி கழுவி, கொதிக்கவைத்து, ஆறவைக்க வேண்டும். குழல்களோ எண்ணி எடுத்தவை.

ஒரு முகாம் நாளைப் பற்றி நர்சம்மா சொன்னார். ஊர்ப்பெயர் வேண்டாம் என்றார். வரிசையில் இன்னும் ஏழு குழந்தைகள் இருக்கும்போது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. தாய்மார் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றவர்கள். குழலை மட்டும் வைத்துக்கொண்டு ஊசியை மாற்றிப் போட்டால் முடிந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நர்சம்மா மறுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். இலக்கு எட்டவில்லை என்று மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். அடுத்த வாரம் ஆறு குழந்தைகள் வந்தன. ஏழாவது வரவேயில்லை. தாய் கூலிவேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள் என்றார்கள்.

"நான் செஞ்சது சரிதான், சாமி. ஆனா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார்.

அந்தக் கண்டிப்பின் அருமையைப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதன்பின் எவருடைய இரத்தமானாலும் தொற்று உடையதாகக் கருதியே கையாள வேண்டும் என்ற நெறி பரவிற்று. நல்லவர் இரத்தம், கெட்டவர் இரத்தம் என்று முகம் பார்த்துப் பிரிக்க முடியாது என்பது அதன் சாரம். மேடையிலிருந்து நாங்கள் எத்தனை முறை சொல்லியும் நிலைக்காத ஒன்றை, கையுறையும் ஊசிப் பெட்டியும் சட்டமாக்கின. 2005 முதல், ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொண்டு மறுபடி இயங்காத ஊசிக்குழல்கள் தடுப்பூசித் திட்டத்தில் வந்தன. ஆனாலும் 2009-இல் குஜராத்தின் மொடாசாவில், பயன்படுத்திய ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியதால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் மாண்டனர்.

இன்றைய செவிலியர் அறிந்திருக்க வேண்டியவை மிகுந்துவிட்டன. போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய்களும் கையுறையும் சிவப்பில், கூரியவை துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். சிந்திய இரத்தத்தின் மேல் ஹைப்போகுளோரைட் கரைசல். இவற்றில் அறியாமை இல்லவே இல்லை என்று நர்சம்மா சொல்லவில்லை. கையுறை போட்டுவிட்டால் கழுவ வேண்டாம் என்று எண்ணி, ஒரே கையுறையோடு நான்கு பேருக்குப் புண் கட்டிய இளம் செவிலியரை அவர் கண்டித்திருக்கிறார். "கையுறை யாரைக் காப்பாத்துது, உன்னையா, அவங்களையா?" என்று கேட்டாராம்.

ஆனால் வினாத்தாள் வைத்து அறிவை அளப்பவர்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. 'உங்கள் நிலையத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா?' என்பதை அவர்கள் முதல் கேள்வியாக வைக்க வேண்டும். ஒரே ஆள் ஊசி போட்டு, புண் கட்டி, பேறு பார்த்து, பதிவேடும் எழுதும் இடத்தில் தெரிந்ததைச் செய்ய நேரம் வேண்டும். இது ஏழை நாட்டுக் குறை மட்டுமன்று. ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே என்ற மருத்துவர் 1994 முதல் 1997 வரை இதை ஆராய்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர் மணிக்கு இருபது முறைக்கு மேல் கை கழுவ வேண்டியிருந்தது. தொட்டிக்குப் போய்க் கழுவித் துடைத்துத் திரும்பினால் வேறு வேலைக்கே நேரம் இராது. அவர் சாராயக் கரைசலைக் கட்டிலின் அருகிலேயே வைத்து, செவிலியர் சட்டைப்பையிலும் ஒரு குப்பியைக் கொடுத்தார். கைத்தூய்மை 48 விழுக்காட்டிலிருந்து 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. செவிலியர்களின் கைக்கு எட்டும் இடத்தில் மருந்து வந்ததே பெரிய மாற்றம்.

அந்த அனுபவத்திலிருந்து உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன், உடல் நீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய சுற்றுப்புறத்தைத் தொட்டபின். இரண்டு 'முன்', மூன்று 'பின்'. இதை நர்சம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"பின்னால கழுவுறது எல்லாருக்கும் தானா வரும், சாமி. அது பயம். முன்னால கழுவுறதுதான் வேலை" என்றார்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தயக்கத்தோடு தொடர்ந்தார். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு, உறவினர் ஒருவரைப் பார்க்க அவர் ஒரு மருத்துவமனையின் பொது வார்டுக்கு வந்திருந்தாராம். அன்று நான் நோயில்பூசுதல் கொடுக்க அங்கே வந்திருந்தேனாம். மூவருக்குக் கொடுத்தேன்; எனக்கும் நினைவிருக்கிறது. எண்ணெயில் பெருவிரலைத் தொட்டு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினேன். முதலாமவருக்குக் கையில் கட்டுப் போட்டிருந்தது. அதே விரலோடு அடுத்த கட்டிலுக்குச் சென்றேன். பிறகு அதற்கடுத்த கட்டிலுக்கு.

"அந்த வியன்னா சாமியார் மணி அடிச்சதுல ஒண்ணும் ஆகலை. உங்க விரலைத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்போதே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"எப்படிச் சொல்றது, சாமி? டாக்டர்கிட்டயே சொல்ல முடியாது. நீங்க சாமியாரு."

முதல் கட்டிலில் இருந்த பெண்ணிடமிருந்து வரிசையாகக் கைவழியே போன மரணத்தை நான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கடலோரக் குப்பங்களைச் சிதைத்த பிறகு, கூட்டம் கூட்டமாகத் தங்கிய மக்களிடையே கொள்ளைநோய் வரும் என்று எல்லாரும் அஞ்சினோம். பெரிதாக எதுவும் வரவில்லை. குளோரின் மாத்திரையும், தட்டம்மைத் தடுப்பூசியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் சுமந்து நடந்த செவிலியர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நாங்கள் அதற்கு நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம். அவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுள் ஒருவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே பேசாமல் நின்றிருக்கிறார்.

ஒன்றை நான் அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நோயாளிகளின் எதிரில் கை கழுவ நான் வேண்டுமென்றே தயங்கி வந்தவன். நம் மண்ணில் ஒருவரைத் தொட்டுவிட்டுக் கை கழுவினால் அதன் பொருள் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தொட்டால் தீட்டு என்று தலைமுறைகளாக ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அந்தக் கட்டில்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தொட்ட கையை அவர்கள் கண்முன்னே நான் கழுவுவதா? நர்சம்மா இதைப் பொறுமையாகக் கேட்டார். தமக்கும் இது நேர்ந்திருக்கிறது என்றார். அதனால்தான் 'முன்' என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். தொடுவதற்கு முன்பு, அவர்கள் பார்க்கும்படி, காரணத்தையும் சொல்லிக் கழுவ வேண்டும்.

அவ்வாண்டு அக்டோபரில், காலராவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை 1971-இன் அகதி முகாமில் துணிந்து கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காத்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ் கொல்கத்தாவில் காலமானார் என்ற செய்தியைப் படித்த வாரம், மறுபடியும் ஒரு பொது வார்டில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தது. எண்ணெய்ச் சிமிழோடு ஒரு சிறு குப்பியும் என் அங்கிப் பையில் இருந்தது. இரண்டாவது கட்டிலில் வலை பின்னும் முதியவர் ஒருவர். நான் குப்பியைத் திறந்து கைகளில் ஊற்றித் தேய்ப்பதைப் பார்த்ததும், நீட்டியிருந்த கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏன் சாமி, என்னைத் தொடக் கூடாதா?"

"தொடத்தான், ஐயா. அடுத்த கட்டில்காரர் நோயை உங்ககிட்டக் கொண்டுவந்துடக் கூடாது. அதுக்குத்தான்."

அவர் என் கைகளையும் குப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "அப்போ எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார்.